பட்ட காலிலே ஏன் படுகிறது?

"எனக்கு மட்டும் ஏன் தம்பி இப்படி?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டது போன கார்த்திகையில். திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மாவுக்கட்டு பிரித்த மணிக்கட்டில் தோல் இன்னும் வெளுத்துக் கிடந்தது.

அந்த நான்கு மாதத்தில் ஆச்சி பட்டதைச் சொன்னால்தான் கேள்வியின் கனம் தெரியும். ஆவணியில் முற்றத்துப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் போர்வெல் மோட்டார் புகைந்துபோனது. புரட்டாசியில் சென்னையில் இருக்கிற மருமகனுக்கு வேலை போயிற்று. கைக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று மகள் வந்து அழைத்துப்போய் வைத்திருந்த பத்து நாளில், பூட்டிக் கிடந்த வீட்டின் பின்கட்டுக் கதவை நெம்பிக்கொண்டு ஆள் நுழைந்துவிட்டது. கல்யாணச் சீரில் வந்த வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, பித்தளைச் சாமான்கள், அலமாரியில் இருந்த கொஞ்சம் பணம், எல்லாம் போயின. ஐப்பசி மழையில் தோட்டத்துச் சுவர் சரிந்தது. "பட்ட கால்லயே படும், கெட்ட குடியே கெடும்னு சும்மாவா சொன்னாக" என்றார் ஆச்சி.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பல வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றைக்கு ஏதோ ஆறுதலாகச் சொன்னேனே தவிர, கேட்டதற்குச் சரியான பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். கணக்கே வராது என்பவர்களுக்கும் புரிகிற மாதிரிதான்.

முதலில் மழையைப் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டில் முற்றம் திறந்து கிடக்கும். கோடை மழையின் முதல் துளிகள் காய்ந்த கல்மேல் விழும்போது கவனித்திருப்பீர்கள். ஓர் இடத்தில் மூன்று துளி ஒட்டி ஒட்டி விழுந்திருக்கும். பக்கத்திலேயே ஒரு முழம் அகலத்துக்கு ஈரமே இருக்காது. எந்தத் துளிக்கும் இன்னொரு துளியைத் தெரியாது. ஏற்கெனவே ஓர் இடம் நனைந்துவிட்டது, நாம் தள்ளி விழுவோம் என்று அது நினைப்பதில்லை. துளிகளெல்லாம் புள்ளிக்கோலம் மாதிரி சம இடைவெளியில் வரிசையாக விழுந்தால்தான் நாம் பயந்து எழுந்து ஓட வேண்டும். ஏனென்றால் அப்படி விழ வேண்டுமானால் மேலே யாரோ உட்கார்ந்து அளந்து போட வேண்டும்.

தற்செயல் என்றால் எல்லாருக்கும் எல்லா நாளும் சமமாகப் பங்கிட்டு வருவது என்று நம் மனசு எப்படியோ நம்பிக்கொண்டிருக்கிறது. நிஜத்தில் தற்செயல் கொத்துக் கொத்தாகத்தான் வரும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதி தூரம் வந்துவிட்டோம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நானும் என் தங்கை மகளும் செய்தோம். சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு மாதத்தின் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு சொம்பில் போட்டோம். தரையில் ஆத்தங்குடிக் கல் பன்னிரண்டைக் கல்லுக்கொரு மாதமாக வைத்துக்கொண்டோம். கண்ணை மூடி ஒரு சீட்டு எடுப்பது, அந்த மாதத்துக் கல்லில் ஒரு புளியங்கொட்டை வைப்பது, சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்குவது. இப்படிப் பன்னிரண்டு தடவை. ஒரு வீட்டுக்கு வருடத்தில் பன்னிரண்டு சின்னதும் பெரியதுமான கஷ்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், மோட்டார் பழுது, பணம் தொலைவது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கொட்டையும் ஒரு கஷ்டம்.

எங்களுக்கு வந்தது இது. மாசியில் நான்கு கொட்டைகள். ஆனியிலும் கார்த்திகையிலும் இரண்டிரண்டு. சித்திரை, ஆவணி, புரட்டாசி, தை இவற்றில் ஒவ்வொன்று. வைகாசி, ஆடி, ஐப்பசி, மார்கழி, பங்குனி ஐந்தும் காலி. "மாசி என்ன மாமா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள் பிள்ளை. ஒரு பாவமும் பண்ணவில்லை. திரும்ப எடுத்தால் வேறு மாதம் மாட்டும், ஏதாவது ஒரு மாதம் அநேகமாக மாட்டும்.

இதற்குக் கணக்கு உண்டு. பன்னிரண்டு கஷ்டங்கள் பன்னிரண்டு மாதத்தில் இஷ்டத்துக்கு விழுந்தால், மாதத்துக்குச் சரியாக ஒன்று என்று விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 18,600-ல் ஒன்று. ஏதாவது ஒரு மாதத்திலாவது மூன்று அல்லது அதற்குமேல் சேர்ந்து விழும் வாய்ப்பு 100-க்கு 69. சராசரியாக நான்கு மாதம் ஒன்றுமே இல்லாமல் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி மாதங்களை யாராவது நினைவு வைத்திருக்கிறோமா? "போன வைகாசி எவ்வளவு நன்றாக இருந்தது, ஒன்றுமே நடக்கவில்லை" என்று யாரும் திண்ணையில் உட்கார்ந்து சொல்லி நான் கேட்டதில்லை. அடி விழுந்த மாசி மட்டும் பேரப்பிள்ளை காலம் வரை பேச்சில் இருக்கும்.

இதே விஷயம் உயிர் போகிற நேரத்திலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1944-ல், ஜெர்மனி லண்டன்மேல் ஆளில்லாத பறக்கும் குண்டுகளை ஏவியது. சில தெருக்களில் திரும்பத் திரும்ப விழுந்தது, சில பகுதிகளில் விழவே இல்லை. சில இடங்களைக் குறிவைத்துத்தான் அடிக்கிறான் என்று பேச்சு எழுந்தது. ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கு நிபுணர், தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை 576 கட்டங்களாகப் பிரித்தார். விழுந்த குண்டுகள் 537. குறி என்று ஒன்றும் இல்லாமல் மழைத்துளி மாதிரி விழுந்திருந்தால் எத்தனை கட்டம் காலியாக இருக்கும், எத்தனையில் ஒன்று விழும், எத்தனையில் நான்கு விழும் என்று முதலில் கணக்குப் போட்டுக்கொண்டு, பிறகு நடந்ததை எண்ணினார். காலியாக இருக்க வேண்டியவை 227, இருந்தவை 229. ஒரு குண்டு விழ வேண்டியவை 211, விழுந்தவையும் 211. நான்கு குண்டு விழ வேண்டியவை 7, விழுந்தவையும் 7. இதை 1946-ல் வெளியிட்டார். அந்த ஏழு கட்டங்களில் குடியிருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். நான்கு முறை இடிந்த தெருவில் நின்றுகொண்டு 'இது தற்செயல்' என்று எந்த மனுஷனால் நம்ப முடியும்? ஆச்சியாலும் முடியவில்லை. அதில் தப்பே கிடையாது. கொத்துக்குள் நிற்பவருக்குக் கொத்து மட்டும்தான் தெரியும்.

சரி, சனி?

இதைத் தொடாமல் போனால் நான் நேர்மையாகப் பேசவில்லை என்று அர்த்தம். ஆச்சிக்கு நடந்ததைக் கேட்ட அத்தனை பேரும் முதலில் கேட்டது ராசி என்ன என்பதைத்தான். சனி பகவான் ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை வருடம் இருப்பார். நம் ராசிக்கு முந்தின ராசி, நம் ராசி, அடுத்த ராசி என மூன்றிலும் அவர் இருக்கிற காலம் ஏழரை. அப்படியானால் எந்த நேரத்திலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்காரர்களுக்கு, அதாவது ஊரில் சுமார் நாலில் ஒருவருக்கு, ஏழரை நடந்துகொண்டுதான் இருக்கும். அதோடு அஷ்டமச் சனி, அர்த்தாஷ்டமச் சனி, கண்டகச் சனி என்று இன்னும் மூன்று ராசிகளைச் சேர்த்தால் ஆறு ராசி ஆகிறது. ஊரில் பாதிப் பேர். ஆகவே கஷ்டப்படுகிற யாரைப் பிடித்துக் கேட்டாலும் ஒன்று விட்டு ஒருவருக்கு ஏதோ ஒரு சனி இருக்கத்தான் செய்யும். கஷ்டமே இல்லாமல் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கும் இருக்கும், ஆனால் அவர்களை யாரும் கேட்பதில்லை.

கோவிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வயிரவன்பட்டிக்கு நானும் போகிறவன்தான். சிவன் கோவில்களில் ராத்திரி நடை சாத்தியதும் சாவியை பைரவர் காலடியில் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் உண்டு. எனக்கு அது ரொம்பப் பிடித்த பழக்கம். பாரத்தை ஓர் இடத்தில் இறக்கி வைத்தால் மனசு லேசாகிறது. ஆனால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் சாவியை அங்கே வைக்கிறார்கள்.

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. எல்லாக் கொத்தும் தற்செயல் இல்லை. இரண்டு கஷ்டத்துக்கு நடுவில் கயிறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கயிறு என்று நான் சொல்வது ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவதற்கான காரணத்தை.

பழமொழியையே எடுத்துக்கொள்வோம். பட்ட காலிலே ஏன் படுகிறது? அடிபட்ட காலைச் சரியாகத் தூக்கி வைக்க முடியாது, இழுத்து இழுத்து நடப்போம், அதனால் அந்தக் கால்தான் மறுபடியும் நிலைப்படியில் இடிக்கும். கெட்ட குடி ஏன் கெடுகிறது? முதல் அடியிலேயே கையிருப்பு தீர்ந்துவிட்டது, அடுத்து வருகிற சின்னச் செலவுக்குக்கூட நகையை அடகு வைக்க வேண்டும், வட்டி ஏறும். விதி என்று நாம் படிக்கிற அந்த வரியைக் காரணமும் விளைவுமாகப் படித்தால் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

செட்டிநாட்டின் பெரிய கெட்ட காலத்தைப் பாருங்கள். 1930-ல் பர்மாவில் அரிசி விலை சரிந்தது. செட்டியார்களிடம் கடன் வாங்கிய அங்கத்து விவசாயிகளால் திருப்பித் தர முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் 1930 வாக்கில் சுமார் 6 சதவீதமாக இருந்தது, 1937-ல் ஏறத்தாழ 25 சதவீதம் ஆனது. போட்ட முதலெல்லாம் இன்னொரு நாட்டு மண்ணில் சிக்கிக்கொண்டது. 1942-ல் ஜப்பான் உள்ளே வந்தது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வர வேண்டியதாயிற்று. போர் முடிந்த பிறகு நிலங்களைப் பர்மா அரசு எடுத்துக்கொண்டது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் ஒரு வீட்டை அடுத்து இன்னொரு வீடு நொடித்தபோது ஒவ்வொரு வீட்டிலும் ஜாதகத்தை எடுத்துப் பார்த்திருப்பார்கள். அத்தனை ஜாதகமும் ஒரே சமயத்தில் கெடவில்லை. எல்லா வீடும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது.

ஆச்சியின் கணக்குக்கு வருவோம். மோட்டார் புகைந்ததற்கும் கை முறிந்ததற்கும் சம்பந்தம் இல்லை. மருமகன் வேலை போனதற்கும் சுவர் சரிந்ததற்கும் சம்பந்தம் இல்லை. அவை மழைத்துளிகள். ஆனால் கை முறிந்ததால் மகள் வீட்டுக்குப் போனார், போனதால் வீடு பத்து நாள் பூட்டிக் கிடந்தது, பூட்டிக் கிடந்ததால் திருடன் வந்தான். இந்த மூன்றுக்கும் நடுவில் கயிறு இருக்கிறது. கயிறு இருக்கிற இடத்தில்தான் நம்மால் ஏதாவது செய்ய முடியும்.

திருட்டு விஷயத்தில் இன்னொரு கயிறும் உண்டு. அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வட இங்கிலாந்தில் ராச்டேல் ஊருக்குப் பக்கத்தில் கிர்க்கோல்ட் என்று ஒரு குடியிருப்பு. 1980-களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது மிக அதிகமாக இருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, ஒரு முறை திருட்டு நடந்த வீட்டில் மறுபடி நடக்கும் வாய்ப்பு, திருட்டே நடக்காத வீட்டில் முதல் முறை நடக்கும் வாய்ப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. காரணம் யோசித்தால் தெரியும். வந்தவனுக்கு வழி தெரியும். எந்தக் கதவு லொடலொட என்று ஆடும், எதை விட்டுவிட்டுப் போனோம் என்பது தெரியும். போனதற்குப் பதில் புதிதாக வாங்கி வைத்திருப்பார்கள் என்றும் தெரியும். வெவ்வேறு நாடுகளில் பிறகு நடந்த ஆய்வுகளிலும் இதுவே தெரிந்தது. அந்த அபாயம் முதல் சில வாரங்களில் அதிகம், போகப் போகக் குறையும்.

அதனால் "வந்தாச்சு, போயாச்சு, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, இனிமே நம்ம வீட்டுப் பக்கம் வர மாட்டான்" என்று இருந்துவிடக் கூடாது. சூதாடிகள் செய்கிற தப்பும் இதுதான். 1913 ஆகஸ்டில் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் சுழல் சக்கரத்தில் கருப்பு தொடர்ந்து 26 முறை வந்தது. 'இவ்வளவு தடவை கருப்பு வந்துவிட்டது, இனி சிவப்புதான்' என்று கட்டிக் கட்டியே பலர் பணத்தை விட்டார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. திருடனுக்கு ஞாபகம் உண்டு. இரண்டுமே 'இனி வராது' என்ற நினைப்புக்கு எதிராகத்தான் இருக்கின்றன.

கிர்க்கோல்டில் என்ன செய்தார்கள்? திருட்டு நடந்த வீட்டின் பூட்டையும் தாழ்ப்பாளையும் உடனே பலப்படுத்தினார்கள். காசு போட்டு ஓடுகிற மின்சார, எரிவாயு மீட்டர்களைக் கழற்றினார்கள், உள்ளே இருக்கிற சில்லறைக்காகவே பலர் புகுந்துகொண்டிருந்தார்கள். அப்புறம், அந்த வீட்டைச் சுற்றி இருக்கிற ஆறேழு வீட்டுக்காரர்களிடம் 'கொஞ்ச நாளைக்கு ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டுக்கொண்டார்கள். ஐந்து மாதத்துக்குள் அங்கே திருட்டு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த ஆறேழு வீடு என்ற விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. நம் ஊரில் திண்ணை இருந்த காலத்தில் அதுதானே நடந்தது? இப்போது பாதித் திண்ணைகளில் ஆளில்லை. வாரிசுகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஆறு வீட்டில் நான்கு பூட்டிக் கிடக்கிறது.

இனி பயத்துக்கு வருகிறேன். ஆச்சிக்குக் குத்துவிளக்கு போனதைவிட இதுதான் பெரிய நஷ்டம்.

திரும்பி வந்த முதல் வாரம் ஆச்சி தூங்கவே இல்லை. வளவு முழுக்க விளக்கு எரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கே முகப்புக் கதவைச் சாத்திவிடுவார், திண்ணைக்கு வருவதில்லை. பால்காரர் கூப்பிட்டால்கூட ஜன்னல் வழியாகத்தான் பதில். இந்த வீடுகளில் ராத்திரியில் எவ்வளவு சத்தம் என்பது இங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். பகல் வெயிலில் சூடேறிய தேக்கு உத்தரம் குளிரக் குளிர மொட்டு மொட்டென்று முறியும். மரநாய் ஓட்டின்மேல் ஓடினால் ஆள் ஓடுகிற மாதிரியே இருக்கும். ஆள் புழங்காத கட்டுகளில் வௌவால் உண்டு. எழுபது வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தங்கள்தான். ஒரே ராத்திரியில் அத்தனையும் காலடிச் சத்தமாகிவிட்டன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது கேலிக்காகச் சொன்னது இல்லை, நடக்கிறதை நடக்கிறபடி சொன்னது.

குற்றம் வேறு, குற்றத்தைப் பற்றிய பயம் வேறு. இரண்டும் கூடவே ஏறி இறங்குவதில்லை. திருட்டை எண்ணுவதற்குப் பதிவேடு இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் இந்தியா முழுமைக்கும் கணக்கு வெளியிடுகிறது, 1953-லிருந்து அந்தக் கணக்கு உண்டு. ஆச்சி தூங்காத ராத்திரிகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பிரிட்டனில் 1982-ல் தொடங்கிய குற்றக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய், என்ன நடந்தது என்பதோடு எவ்வளவு பயப்படுகிறீர்கள் என்றும் கேட்டார்கள். அங்கே ஒரு புதிர் வந்தது. வன்முறைக்கு அதிகம் ஆளாகிறவர்கள் இளம் ஆண்கள். இருட்டில் தனியாக நடக்க அதிகம் பயப்படுகிறவர்கள் பெண்களும் வயதானவர்களும். இவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்றுதான் முதலில் சிலர் முடிவு கட்டினார்கள்.

எனக்கு அந்த முடிவு அப்போதும் சரியாகப் படவில்லை. நடக்குமா என்பது பாதிக் கேள்விதான். நடந்தால் என்ன ஆகும் என்பது மீதிப் பாதி. இருபத்தைந்து வயசுப் பையனை ஒருவன் தள்ளிவிட்டால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவான். எழுபத்து நாலு வயசு ஆச்சி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், பிறகு எழுந்து நடப்பதே சந்தேகம். கூப்பிட்டால் ஓடி வர ஆளும் இல்லை. அவருடைய பயத்துக்குள் ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை ஒத்துக்கொண்டார்கள். வயதானவர்களிடம் "சும்மா பயப்படாதீங்க" என்று சொல்கிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே நேரம் பயத்துக்குத் தீனி போடுகிற ஒன்றும் உண்டு. 1973-ல் ஏமஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சொன்னது இது: ஒரு விஷயம் எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று மனசு கணக்குப் போடும்போது, எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கு உதாரணம் எவ்வளவு சுலபமாக ஞாபகம் வருகிறது என்றுதான் பார்க்கிறது. இருபது மைல் தள்ளி ஓர் ஊரில் ஒரு திருட்டு. அது காலையில் பேப்பரில் வருகிறது, மத்தியானம் டிவியில் ஓடுகிறது. சாயங்காலம் வாட்ஸப்பில் தெருக் குழுவில் வருகிறது, பங்காளிகள் குழுவில் வருகிறது, கோவில் குழுவில் வருகிறது. மகள் சென்னையிலிருந்து போன் பண்ணி "பாத்தீகளா?" என்கிறாள். ஒரு திருட்டு மனசுக்குள் ஆறு திருட்டாகப் பதிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முந்தைய சிசிடிவி வீடியோ, வேறு மாநிலத்தில் எடுத்தது, 'நம்ம ஏரியா, உஷார்' என்று வந்தால் ஏழாவது. அதைப் பார்த்து அனுப்புகிறவர் நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். எங்கே, எப்போது என்று தெரியாத வீடியோவை அனுப்பாதீர்கள் என்று எங்கள் தெருக் குழுவில் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

பயம் முழுக்கக் கெட்டதும் இல்லை. 2010-ல் லண்டன் மக்களிடம் செய்த ஓர் ஆய்வு வந்தது. குற்றத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோம் என்று சொன்னவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அந்தக் கவலை உபயோகமாக இருந்தது. கவலைப்பட்டார்கள், அதற்காக ஏதோ ஒன்று செய்தார்கள், செய்ததால் கொஞ்சம் தைரியம் வந்தது, வாழ்க்கையும் சுருங்கவில்லை. மற்றவர்களைக் கவலை அரித்தது. ஒரு பயம் தாழ்ப்பாள் வாங்க வைத்தால் அது வேலைக்காரப் பயம். திண்ணைக்கு வரவிடாமல், மகள் வீட்டுக்குப் போகவிடாமல் உள்ளேயே உட்கார வைத்தால் அது வீட்டையே இன்னும் அபாயமாக்குகிறது, ஏனென்றால் ஆள் நடமாட்டம் இல்லாத திண்ணையைத்தானே திருடன் தேடுகிறான்.

ஆச்சி வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு அப்படியே பொருந்தும். முகப்புக் கதவைப் பற்றிக் கவலையே வேண்டாம், பர்மா தேக்கு, ஒரு முழச் சாவி. எல்லாரும் அதைத்தான் பூட்டிப் பூட்டிப் பார்ப்பார்கள். வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது, அந்தக் கடைசிக் கட்டுக் கதவுதான் நோஞ்சான். அதற்கு உள்பக்கம் குறுக்குக் கம்பி போட்டோம். முற்றத்துக்கு மேலே இருந்த கம்பி வலை ஒரு மூலையில் துருப்பிடித்துப் போயிருந்தது, மாற்றினோம். அடுத்தாற்போல் பங்காளி வீடு பூட்டிக் கிடக்கிறது, அந்த மொட்டை மாடியிலிருந்து இந்த மாடிக்குக் கால் வைத்தே வரலாம். அவர்களிடம் போனில் பேசி நடுவில் கதவு வைத்தோம். மிச்சம் இருந்த வெள்ளி வங்கி லாக்கருக்குப் போயிற்று.

அப்புறம் கோலம். ஒரு வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே சொல்வது வாசலில் கோலம் இல்லாததுதான். கதவிடுக்கில் செருகிக் கிடக்கிற பேப்பர் அடுத்தது. தைப் பொங்கலுக்கு ஆச்சி சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லி வைத்தோம். எட்டு நாளும் வாசல் தெளித்துக் கோலம் விழுந்தது. பேப்பரை நிறுத்தச் சொன்னோம். காவல் நிலையத்திலும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்தோம், ரோந்து வரும்போது பார்ப்பார்கள். ஆச்சியின் போனில் அவசர உதவி எண் 112-ஐ முதல் எண்ணாகப் பதிந்து கொடுத்தேன். முதியவர்களுக்கென்றே இருக்கிற உதவி எண் 14567-ம் அதில் இருக்கிறது.

திருட்டு நடந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும். பொருள் கிடைக்கப்போவதில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காப்பீடு இருந்தால் அந்த அறிக்கை கேட்பார்கள், பொருள் வேறெங்காவது பிடிபட்டால் உரிமை கோருவதற்கும் அதுதான் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்தக் காவல் நிலைய எல்லைக்குள் நடந்தது என்ற கேள்வி இல்லாமல் புகார் கொடுக்கலாம்.

திருட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் தூக்கம் வராமல் இருப்பது உடம்பின் இயல்பு. நாள் ஆக ஆகத் தானே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்து நெஞ்சு படபடத்தால், சாப்பாடு இறங்காவிட்டால், அது மனோதைரியம் இல்லாததால் வருவதல்ல. கை முறிந்தால் கட்டுப் போட்ட மாதிரி அதற்கும் வைத்தியம் உண்டு. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

ஆச்சிக்கு நான் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். ராத்திரி சத்தம் கேட்டால் நேரத்தைப் போட்டு எழுதுங்கள், விடிந்ததும் என்ன என்று பார்த்துப் பக்கத்தில் எழுதுங்கள் என்று. கொத்துக்குள் நிற்பவருக்கு எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் வெளியே வர வழி. மார்கழி முழுக்க எழுதியிருக்கிறார். பென்சில் எழுத்து, கொஞ்சம் கோணல், கை இன்னும் சரியாக ஊன்றவில்லை. 'பன்னெண்டே கால் – மரநாய்.' 'ரெண்டு மணி – தென்னை மட்டை.' 'ஒண்ணரை – மூணாங்கட்டு ஜன்னல், கொக்கி போடலை.' 'நாலு – பால்வண்டி.' இருபத்து மூன்று சத்தம். இருபத்தொன்றுக்கு எதிரே பதில் இருக்கிறது. இரண்டுக்கு எதிரே 'தெரியலை' என்று எழுதி, எதிர்வீட்டுக்குப் போன் பண்ணிய நேரத்தையும் போட்டிருக்கிறார்.